இட்டாலிக் எழுத ஐயாயிரம் ரூபாய் பேனா எதற்கு?

"கையெழுத்தை மாத்தணும், இட்டாலிக் ஸ்டைல்ல எழுதணும்னு ஆசை. என்ன பேனா வாங்கலாம்?" என்று ஒரு அப்பாவி வாயைத் திறந்து கேட்டுவிட்டால் போதும். பேனாப் பித்தர்கள் எட்டுத் திசையிலிருந்தும் ஓடி வந்துவிடுவார்கள். ஒருவர் ஜெர்மன் பேனா என்பார், இன்னொருவர் ஜப்பான் என்பார். மூன்றாமவர் கொஞ்சம் பெரிய மனிதர். "தங்க நிப்பு போட்டாத்தான் தம்பி அது பேனா, மத்ததெல்லாம் குச்சி" என்பார். கடைசியில் கேட்டவன் கையில் ஒரு பெரிய பட்ஜெட் மிஞ்சும், பேனா மிஞ்சாது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் பழையபடி பத்து ரூபாய் பால்பாயிண்ட்டோடு கிளாஸில் உட்கார்ந்திருப்பான்.

இத்தனை அட்வைஸ் மழையிலும் ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள். "தம்பி, உன் நோட்டுல ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி?" உண்மையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். அதற்குப் பதில் தெரியாமல் பேனா சிபாரிசு செய்வது, கால் அளவு கேட்காமல் செருப்பு விற்பது மாதிரி.

மேட்டருக்கு வருமுன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இட்டாலிக் என்றதும் எம்.எஸ். வேர்டில் எழுத்தைச் சாய்க்கிற பட்டன்தான் பலருக்கு ஞாபகம் வரும். இட்டாலிக் கையெழுத்தில் சாய்வு அவ்வளவு பெரிய சமாச்சாரமே இல்லை. ஐந்து, மிஞ்சினால் பத்து டிகிரி. சாய்க்காமல் எழுதினாலும் அது இட்டாலிக்தான். அதை இட்டாலிக் ஆக்குவது பேனா முனையின் வடிவம். முனை உருண்டையாக இல்லாமல் தட்டையாக, உளி மாதிரி இருக்க வேண்டும். அந்தத் தட்டை முனையை ஏறத்தாழ 45 டிகிரி கோணத்திலேயே கடைசி வரை பிடித்திருந்தால், கோடு ஒரு திசையில் போகும்போது தடிப்பாகவும் இன்னொரு திசையில் போகும்போது மெலிவாகவும் தானாகவே விழும். கை எதுவும் செய்ய வேண்டியதில்லை. சுவர் விளம்பரம் எழுதுகிறவர் பட்டை பிரஷ்ஷைப் பிடித்திருப்பதைக் கவனித்தவர்களுக்கு இது உடனே புரியும்.

கான்வென்ட்டில் நாலு கோடு நோட்டில் எழுத வைத்த கர்சிவ் வேறு ஜாதி. அதன் மூதாதையான காப்பர்பிளேட் எழுத்தில் தடிப்பு வருவது அழுத்தத்தால். கீழே இறங்கும்போது அழுத்தினால் கூர்மையான நிப்பு விரிந்து கோடு தடிக்கும், மேலே ஏறும்போது விட்டுவிட்டால் மெலியும். அதற்குத்தான் ஃப்ளெக்ஸ் நிப்பு, வளையும் நிப்பு என்றெல்லாம் தேடுகிறார்கள். இட்டாலிக்குக்கு நிப்பு வளைய வேண்டிய அவசியமே கிடையாது. கேட்டால் "ஃப்ளெக்ஸ் இருந்தா நல்லது" என்று போகிற போக்கில் ஒருவர் சொல்லிவிட்டுப் போவார். அவர் சொன்னதை நம்பி இரண்டாயிரம் ரூபாயைத் தொலைப்பவன் ஹாஸ்டல் மெஸ் பில்லுக்கு அல்லாடுவான்.

இன்னொரு நினைப்பும் இருக்கிறது: இட்டாலிக் என்றால் வேலை வெட்டி இல்லாதவர்கள் கல்யாணப் பத்திரிகையில் போடுகிற அலங்காரம் என்று. நேர் எதிர். அது ஆபீஸ் குமாஸ்தாக்களின் எழுத்து. பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃப்ளோரன்ஸில் நிக்கோலோ நிக்கோலி என்ற அறிஞர் பழைய நூல்களை வேகமாகப் பிரதி எடுக்கக் கைக்கொண்ட சாய்வான எழுத்திலிருந்து வளர்ந்தது. போப்பாண்டவரின் அலுவலகக் குமாஸ்தாக்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். காரணம், வேகமாக எழுதலாம், எழுதியதை மற்றவர் படிக்கவும் முடியும். மூன்று மணி நேரப் பரீட்சையில் உட்காருகிறவனுக்கும் தேவை இதே இரண்டுதானே?

அந்த அலுவலகத்தில் எழுத்தராக இருந்த லுடோவிக்கோ அரிகி என்பவர் 1522 தேதியிட்டு 'லா ஓப்பெரினா' என்று ஒரு சின்னப் புத்தகம் போட்டார். இந்த எழுத்தை சாதாரண ஜனங்களுக்குக் கற்றுக்கொடுக்க அச்சான முதல் கையேடு அது. அடுத்து 1523-இல் இன்னொரு புத்தகம். அதன் பெயருக்கு அர்த்தம் 'பேனாக்களைச் சீவும் முறை'. கவனிக்கவும். எழுத்தைச் சொல்லிக்கொடுத்தவர் அடுத்ததாகச் சொல்லிக்கொடுத்தது, பறவை இறகை வாங்கி நுனியைக் கத்தியால் எப்படிச் சீவுவது என்று. பேனா என்பது கடையில் வாங்கி வைத்து அழகு பார்க்கும் பொருளாக இல்லை. எழுதுகிறவன் தன் கைக்கும் தன் எழுத்தின் அளவுக்கும் ஏற்ப, தானே சீவிக்கொள்ளும் பொருளாக இருந்தது. ஐந்நூறு வருஷம் கழித்து அதே எழுத்தை எழுத ஐயாயிரம் ரூபாய் எடுத்து வை என்கிறார்கள். நல்ல முன்னேற்றம்!

(காமர்ஸ் மக்களுக்கு மட்டும் ஒரு தகவல். டபுள் என்ட்ரி பற்றி 1494-இல் அச்சிட்டுப் பரப்பிய லூக்கா பசியோலியை முதல் வருஷ அக்கவுண்டன்சி புத்தகத்திலேயே பார்த்திருப்பார்கள். அதே ஆசாமி 1509-இல் வெளியிட்ட 'டிவினா புரப்போர்ஷியோனே' என்ற நூலில் பெரிய எழுத்துகளை ஸ்கேலும் காம்பஸும் வைத்து வரைவது எப்படி என்று ஒரு முழு அகரவரிசையே போட்டிருக்கிறார். கணக்கு எழுதுகிறவனுக்கு எழுத்தின் அளவு பற்றியும் அக்கறை இருந்த காலம் அது.)

இருபதாம் நூற்றாண்டில் இதை மறுபடி உயிர்ப்பித்தவர்களும் பிரபுக்கள் இல்லை. இங்கிலாந்தில் எட்வர்ட் ஜான்ஸ்டன் 1906-இல் எழுதிய புத்தகம் தட்டை முனைப் பேனாவை மறுபடி மேஜைக்குக் கொண்டுவந்தது. 1932-இல் 'எ ஹேண்ட்ரைட்டிங் மேனுவல்' எழுதிய ஆல்ஃபிரட் ஃபேர்பேங்க் கடற்படை அமைச்சகத்தில் வேலை பார்த்த அரசு ஊழியர். 1952-இல் இட்டாலிக் கையெழுத்துக்கென்றே ஒரு சங்கம் அங்கே தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகள் எழுதியது ஆஸ்மிராய்டு, பிளாட்டிக்னம் போன்ற பேனாக்களில். எல்லாம் மலிவான ஸ்கூல் பேனாக்கள், ஸ்டீல் நிப்பு. ஆஸ்மிராய்டில் நிப்பைத் திருகிக் கழற்றி வேறு அகலத்தில் இன்னொன்றை மாட்டிக்கொள்ளலாம், இடது கைக்காரர்களுக்குத் தனி நிப்பு வேறு. அந்தக் கம்பெனி இன்று இல்லை. அது மூடிப்போனதோடு 'இட்டாலிக் என்றால் மலிவுப் பேனா' என்ற எண்ணமும் போய், அந்த இடத்தில் கலெக்டர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மாவட்ட கலெக்டர் இல்லை, பேனா சேகரிக்கிற கலெக்டர் :-)

சரி, கணக்குக்கு வரலாம். இந்த எழுத்தில் ஓர் அடிப்படை விகிதம் இருக்கிறது. சின்ன எழுத்தின் உடல், அதாவது மேல் கொம்பும் கீழ் வாலும் இல்லாத நடுப்பகுதி, நிப்பு அகலத்தைப் போல ஐந்து மடங்கு உயரம் இருந்தால் பார்க்க லட்சணமாக இருக்கும். கொம்புக்கு மேலே ஒரு நாலு மடங்கு, வாலுக்குக் கீழே ஒரு நாலு மடங்கு. மொத்தம் பதின்மூன்று. அப்படியென்றால் நோட்டின் கோட்டு இடைவெளியைப் பதின்மூன்றால் வகுத்தால் தேவையான நிப்பு அகலம் வந்துவிடும். நம் ஊர் லாங் சைஸ் நோட்டை ஸ்கேல் வைத்து அளந்தால் இடைவெளி பெரும்பாலும் 8 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். வகுத்தால் 0.6 மில்லிமீட்டர். மேல் வரியின் வாலும் கீழ் வரியின் கொம்பும் எல்லா இடத்திலும் முட்டிக்கொள்ளாது என்பதால் 0.7 வரை தாங்கும். அவ்வளவுதான் விஷயம்.

இப்போது கடையில் என்ன விற்கிறார்கள் என்று பார்க்கலாம். லாமியின் இட்டாலிக் நிப்புகள் 1.1, 1.5, 1.9 மில்லிமீட்டர். ட்விஸ்பி ஈகோவின் ஸ்டப் 1.1. காவெக்கோவிலும் 1.1-இல்தான் ஆரம்பம். பைலட் பேரலல் 1.5-இல் ஆரம்பித்து 6 வரை போகிறது, அது போஸ்டர் எழுத. இதில் ஆகச் சின்னதான 1.1-ஐயே பதின்மூன்றால் பெருக்கினால் 14.3 மில்லிமீட்டர். ஒரு வரி விட்டு ஒரு வரிதான் எழுத முடியும். 1.5 என்றால் 19.5, இரண்டு வரி விட்டு எழுத வேண்டும்! வரி விடாமல் 8 மில்லிமீட்டருக்குள் திணித்தால் எழுத்தின் வயிறெல்லாம் அடைத்துக்கொண்டு கறுப்பு கறுப்பாக எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். வாங்கினவன் "நமக்குக் கை சரியில்லை போல" என்று நினைத்துக்கொண்டு பேனாவை மூடி வைத்துவிடுவான். கையில் கோளாறு இல்லை. யாரும் அளவு சொல்லாமல் விற்றதுதான் கோளாறு.

வரி விட்டு எழுதினால் என்ன என்று கேட்கலாம். பேனாவின் விலை ஒரு தடவைச் செலவு. நோட்டின் விலை மாதா மாதம். 200 பக்க நோட்டு 100 பக்க நோட்டாகிவிடும். ஃபிக்ஸட் காஸ்ட்டை மட்டும் பார்த்து வேரியபிள் காஸ்ட்டை மறந்தால் எந்த வாத்தியாரும் மார்க் போடமாட்டார். அதைவிடப் பெரிய தொல்லை பரீட்சைப் பேப்பர். நிப்பு அகலமானால் இங்க் அதிகம் இறங்கும். விடைத்தாளில் மை ஊறி மறுபக்கம் தெரியும். திருத்துகிறவர் கடுப்பாவார். அழகாக எழுத ஆசைப்பட்டு மார்க்கைத் தொலைப்பது யாருக்குத் தேவை?

லாமிக்காரர்களாவது மில்லிமீட்டரில் சொல்கிறார்கள், அது நேர்மை. கேலிகிராஃபி செட் என்று பளபளப்பான டப்பாவில் வரும் பல செட்டுகளில் 'ஃபைன், மீடியம், பிராட்' என்று மட்டும்தான் இருக்கும். எதற்கு ஃபைன், யாருக்கு மீடியம்? டப்பாவில் நாலைந்து நிப்பு இருந்தாலும் நோட்டில் எழுத உதவப்போவது அதில் ஆக மெலிந்த ஒன்றே ஒன்று, அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால். மற்றவை பிறந்தநாள் கார்டுக்கு. கூடவே ஒரு பாட்டில் இண்டியன் இங்க் வைத்திருந்தால் அதைத் தொடவே கூடாது. தண்ணீரில் கரையாத அந்த மை காய்ந்தால் பேனாவின் உள்ளே அடைத்துக்கொள்ளும், பேனா காலி. சாதாரண கேம்லின் இங்க் போதும்.

தங்க நிப்பு பற்றியும் சொல்லிவிட வேண்டும், பெரிய மனிதர் கோபித்துக்கொள்வார். தங்கம் மெத்தென்ற உலோகம், காகிதத்தில் உரசினால் தேய்ந்துவிடும். அதனால் தங்க நிப்பின் நுனியிலும் வேறொரு கெட்டியான கலப்பு உலோகத்தைத்தான் குண்டு மாதிரி பற்ற வைக்கிறார்கள். காகிதத்தைத் தொடுவது அந்தக் குண்டு, தங்கம் இல்லை. குண்டு உருண்டையாக இருந்தால் எல்லாத் திசையிலும் ஒரே தடிப்பில்தான் கோடு விழும், நிப்பு ஐம்பதாயிரம் ரூபாயாகவே இருந்தாலும். திருவள்ளூரிலும் ராஜமுந்திரியிலும் கையால் கடைந்து செய்யும் எபோனைட் பேனாக்கள் உண்மையிலேயே அழகு, பிடித்தால் கைக்கு இதம். ஆனால் தடிப்பு மெலிவைத் தருவது உடம்பு இல்லை, முனை. இரண்டையும் போட்டுக் குழப்பி விற்பதுதான் வியாபாரம்.

அப்போது என்னதான் வாங்குவது? ரெடிமேடாக வேண்டுமென்றால் பைலட் ப்ளூமிக்ஸ். பிளாஸ்டிக் பேனா, பார்க்க ஸ்கூல் பையன் பேனா மாதிரிதான் இருக்கும், அமெரிக்காவில் பத்து டாலரை ஒட்டி விற்ற சரக்கு. அதன் இட்டாலிக் நிப்பை உருவி பைலட் மெட்ரோபாலிட்டனில் மாட்டிக்கொள்ளலாம், ஏற்கெனவே மெட்ரோபாலிட்டன் வைத்திருப்பவர்களுக்கு இது வசதி. எல்லாக் கடையிலும் கிடைக்காது என்பதுதான் குறை. சீனப் பேனாக்களில் நுனி மேல்நோக்கி மடங்கிய நிப்பு ஒன்று 'கேலிகிராஃபி' என்ற பெயரில் வரும். ஏமாந்துவிடக் கூடாது. அதில் தடிப்பு மாறுவது பேனாவை நிமிர்த்திப் பிடிப்பதையும் படுக்க வைப்பதையும் பொறுத்து. இட்டாலிக் முனை அது இல்லை.

இதையெல்லாம்விடச் சிறந்த வழி அரிகி சொன்ன வழி. சீவிக்கொள்வது. இறகுக்குப் பதில் ஐம்பது அறுபது ரூபாய் இங்க் பேனா, கத்திக்குப் பதில் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் வாட்டர் பேப்பர். சாதாரண உப்புத்தாள் வேண்டாம், அது நிப்பைத் தின்றுவிடும். 1000 நம்பர் ஒன்று, 2000 நம்பர் ஒன்று. ஹீரோ பேனா இதற்கு ஒத்துவராது. நிப்பு மூடிக்குள் ஒளிந்திருக்கும், நுனி ஊசி மாதிரி மெலிசு, தேய்ப்பதற்கு அதில் அகலமே இல்லை. நிப்பு வெளியே தெரிகிற, குண்டு கொஞ்சம் பெரிதாக இருக்கிற மீடியம் அல்லது பிராட் நிப்பாகப் பார்த்து எடுக்க வேண்டும். அகலத்தைக் கண்டுபிடிக்க மைக்ரோமீட்டர் எல்லாம் தேவையில்லை. பத்துக் கோடுகளை இடைவெளி விடாமல் ஒட்டி ஒட்டிப் போட்டு, மொத்த அகலத்தை ஸ்கேலில் அளந்து பத்தால் வகுத்தால் ஆயிற்று. ஆறேழு மில்லிமீட்டர் வந்தால் அதுதான் வேண்டிய நிப்பு.

1000 நம்பர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, பேனாவைச் செங்குத்தாக நிறுத்தி நுனியை லேசாகத் தேய்த்தால் உருண்டை முகம் நேராகும். பிறகு நிப்பின் மேல்பக்கத்தைச் சாய்த்துக் கொஞ்சம், அடிப்பக்கத்தை அதைவிடக் கொஞ்சம். குண்டு இப்போது உளி ஆகிவிடும். நாலு தேய்ப்புக்கு ஒரு தடவை எழுதிப் பார்க்க வேண்டும், எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. கடைசியில் 2000 நம்பரில் எட்டுப் போட்டு எட்டுப் போட்டு இரண்டு மூலைகளையும் மழுங்க வைக்க வேண்டும். மூலை கத்தி மாதிரி இருந்தால் தடிப்பு மெலிவு பிரமாதமாக வரும், ஆனால் வேகமாக எழுதினால் காகிதத்தைக் கீறும். ரொம்ப மழுக்கினால் வழுக்கிக்கொண்டு ஓடும், ஆனால் தடிப்புக்கும் மெலிவுக்கும் வித்தியாசம் போய்விடும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அது ஒவ்வொரு கைக்கும் வேறு. அதனால்தான் எந்தக் கம்பெனியாலும் அதைச் சரியாக விற்க முடியாது.

"நாலு நிப்பு கெட்டுப்போனா?" என்று கேட்பார்கள். கெடட்டுமே. நாலு பேனா கெட்டாலும் ஒரு லாமியின் விலையில் எட்டில் ஒரு பங்கு ஆகாது. "மலிவுப் பேனா கீறும், கத்துக்கறவன் மனசு வெறுத்துப்போகும்" என்பது அடுத்த வாதம். இதில் பாதி உண்மை. சில மலிவுப் பேனாவில் மை சீராக இறங்காது, நிப்புக்கு அடியிலிருக்கும் கறுப்புக் கட்டை அவ்வளவு தரம்தான். சோப்புத் தண்ணீரில் ஒரு தடவை கழுவினாலே பல பேனா சரியாகிவிடும். சரியாகாததைத் தூக்கிப்போட வேண்டியதுதான். ஆனால் கீறலுக்கு முக்கியக் காரணம் பேனா இல்லை, பன்னிரண்டு வருஷமாக பால்பாயிண்ட்டை ஆணி மாதிரி அழுத்தி எழுதிய விரல்கள். அந்த விரல்களிடம் ஐயாயிரம் ரூபாய் பேனாவைக் கொடுத்தாலும் அதே கீறல்தான். அழுத்தத்தை விட ஒரு மாதம் ஆகும். அந்த மாதத்தை அறுபது ரூபாய் பேனாவோடு கழிப்பதா, பயந்து பயந்து ஐயாயிரம் ரூபாய் பேனாவோடு கழிப்பதா?

அறுபது ரூபாயும் இல்லாதவன் இரண்டு பென்சிலை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி எழுதிப் பார்க்கலாம். இரண்டு முனையும் சேர்ந்து ஒரு தட்டை முனை மாதிரி வேலை செய்யும். எழுத்து பெரிதாக வரும், ஆனால் 45 டிகிரி கோணம் எப்படி வேலை செய்கிறது என்பது இரட்டைக் கோட்டில் பளிச்சென்று தெரியும். கேலிகிராஃபி வகுப்புகளிலேயே இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள்.

தமிழ் எழுத இந்த நிப்பு ஒத்துவருமா என்றும் ஒரு கேள்வி வரும். ஓலையில் எழுத்தாணியால் கீறிய எழுத்து நம்முடையது. கீறலில் தடிப்பும் கிடையாது, மெலிவும் கிடையாது. அதனால் எங்கே தடிக்க வேண்டும் என்று ஓலைச்சுவடியைப் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது. எழுதுகிறவர் தானே முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான். ஆனால் ஒன்று நிச்சயம். 1.1 நிப்பில் எட்டு மில்லிமீட்டர் கோட்டுக்குள் 'ணை' எழுதிப் பார்த்தால், சுழி மூன்றும் அடைத்து மைப் பொட்டாக நிற்கும். 0.6-இல் சுழி சுழியாகத் தெரியும்.

பி.கு: இடது கைக்காரர்கள் நுனியைச் சதுரமாகத் தேய்க்காமல் கொஞ்சம் சாய்வாகத் தேய்க்க வேண்டியிருக்கும். எந்தப் பக்கம் என்று குழம்ப வேண்டாம். வழக்கம்போலப் பேனாவைப் பிடித்துக் காகிதத்தில் வைத்தால் நிப்பின் ஒரு மூலை தொடும், இன்னொன்று தூக்கி நிற்கும். தொடுகிற மூலையைத் தேய்த்துக்கொண்டே வந்தால் இரண்டும் ஒன்றாகத் தொடுகிற இடம் வரும். அங்கே நிறுத்திவிட்டு 2000 நம்பர் பேப்பருக்குப் போகலாம்.